பாம்பின் தலை எங்கே?

மணி அடித்தது என்று சொன்னால் அந்த மணிக்கே கோபம் வரும். யாரோ அதைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மைவோன் அக்காவின் கடையில் நான் இரண்டாவது கிரேப் தோசையில் உப்பு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சத்தத்தில் கத்தி நழுவியது. வெண்ணெய் என் சட்டைப் பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எதிரே இருந்த என் முதலாளி அசிலிஸ் மேடம், காப்பிக் கிண்ணத்திலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

"எந்திரி பத்ரிக். இவ்வளவு கேவலமா மணி அடிக்கிற ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்தான்."

"பிரபுவா? அவர் மணி அடிக்கக்கூட ஆள் வைப்பாரே மேடம்."

"ஆள் வைக்காம தானே அடிக்கிறார்னா அதுல அவருக்கு ஏதோ லாபம் இருக்கு. வா."

சாலையைத் தாண்டினால் மகதலேனா சிற்றாலயம். கருங்கல் சுவர், சிலேட்டுக் கூரை, ஒரே ஒரு வாசல். உள்ளே முப்பது பேர் நின்றால் அடுத்து வருகிறவர் வெளியே நின்றுதான் ஜெபிக்க வேண்டும். அறுநூறு வருடமாக அது வளரவும் இல்லை, தேயவும் இல்லை.

மணிக்கயிற்றில் கோந்த்ரான் தெ கெர்கோர்தென் தொங்கிக்கொண்டிருந்தார். காலை வெயிலிலும் கையுறை, கக்கத்தில் வெள்ளிப் பூண் போட்ட தடி. பாரிஸில் பிறந்து, பாரிஸில் வளர்ந்து, தலை நரைத்த பிறகு முன்னோர்களின் மண்ணைத் தேடி எங்கள் பிரெத்தோன் நாட்டுக்கு வந்தவர். மண்ணைக் கண்டுபிடித்தார். அதன் மேல் மனிதர்களும் இருப்பதைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார்.

"பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க! காட்டுமிராண்டிகள் செஞ்ச வேலையைப் பாருங்க!"

பார்த்தோம். வாசலுக்கு மேலே இருந்த செதுக்குக்கல்லைக் காணோம். அந்த இடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு பள்ளம். கீழே படியெல்லாம் துண்டுகள். பக்கத்தில் ஒரு ஏணி, ஒரு சுத்தியல்.

"போச்சு. மதியத்துக்கு மேல வர்ற கோர்ட் நிபுணர் எதைப் பாக்கப் போறாங்க?" என்றேன்.

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார் மேடம்.

விஷயம் இவ்வளவுதான். கெர்கோர்தென் என்பது ஊரின் பெயர். பிரபுவின் குடும்பப் பெயரும் அதுவே. கோர்தென் என்ற தன் மூதாதை சிலுவைப் போரிலிருந்து திரும்பி வந்து இந்தச் சிற்றாலயத்தைக் கட்டினான், வாசல் கல்லில் இருந்த சுருண்ட பாம்பு தன் குலச்சின்னம், ஆகவே ஆலயம் தனக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டிருந்தார். ஜெயித்தால் கதவைப் பூட்டிவிடுவார். மகதலேனா திருநாளுக்கு ஊரார் வேலிக்கு வெளியே நிற்கலாம். அவர் வழக்கில் ஓட்டை தேடத்தான் ஊர்க்காரர்கள் துப்பறிகிற எங்களை மோர்லே நகரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். வந்து இரண்டு நாளில் நான் கண்டுபிடித்தது, மைவோன் அக்காவின் கிரேப்பில் ஓட்டையே இல்லை என்பது மட்டும்தான்.

சார்ஜன்ட் கெமெனர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பிரபு அவருக்கு மூச்சு விடக்கூட நேரம் தரவில்லை.

"யார் செஞ்சான்னு தேடவே வேண்டாம். சுத்தியல் அந்தக் கடைக்காரியோடது. ஏணியும் அவளோடது. போன ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆள் இருக்கும்போது அவ என்ன சொன்னா? கேளுங்க!"

மைவோன் அக்கா கடை வாசலில் மாவுக் கையோடு நின்றிருந்தார். ஐம்பது வயது, அகன்ற தோள், இடுப்பில் ஆலயத்தின் இரும்புச் சாவி. அந்தச் சாவி அவர் குடும்பத்தில்தான் கை மாறி வருகிறது.

"சொன்னேன். அந்தப் பாம்பை ஒருநாள் தட்டி உதிர்த்துடறேன்னு சொன்னேன். சொன்னதெல்லாம் செஞ்சிருந்தா என் புருஷன் உசிரோட இருக்கும்போதே செத்திருக்கணும்."

"கேட்டீங்களா, ஒத்துக்கிட்டா!"

"ஏட்டையா, இதுக்குப் பேரு ஒத்துக்கறதா?"

கெமெனர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு மைவோன். பன்னெண்டாம் நூற்றாண்டுக் கல்லு…"

"பதினாலாம் நூற்றாண்டு" என்று பிரபு திருத்தினார்.

"ஏதோ ஒரு நூற்றாண்டு. பொதுச் சொத்தை உடைச்சா ஜெயில்தான். சாவியக் குடு. பாதுகாப்புக்கு ஐயாகிட்ட இருக்கட்டும்."

அக்காவின் மாவுக் கை சாவியை இறுகப் பிடித்தது. பிடித்த இடத்தில் சாவி வெள்ளையாகிவிட்டது.

"ஏட்டையா" என்று மேடம் குறுக்கே வந்தார். "நிபுணர் வர்ற வரைக்கும் சாவி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். இவங்க ஓடிப் போக மாட்டாங்க. அடுப்புல கல்லு காயுது."

"வரட்டும், அதனால என்ன?" என்று பிரபு தடியைச் சுழற்றினார். "கல் போனா என்ன? என் புத்தகத்துல படம் இருக்கு. அதை வச்சே முடிஞ்சுடும். அதோட, கல்லை உடைச்ச கூட்டத்துகிட்ட கோயிலை விட்டு வைக்க எந்தக் கோர்ட்டும் சம்மதிக்காது. கட்டினது நாங்க. இவங்க பெருக்கிட்டிருந்தவங்க."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஈரமான குடையை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவர் பார்வை அது.

"அப்படின்னா எங்களுக்குக் கோயிலைச் சுத்திக் காட்டுங்களேன். உங்க வீடாச்சே."

பிரபு பூரித்துப்போனார். ஆலயத்தைப் பற்றி அவர் எழுதியது கெட்டியான அட்டை போட்ட மெல்லிய புத்தகம். அதில் சரியாக இருந்தது அட்டை மட்டும்தான் என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இந்த வாசல் ஏன் இவ்வளவு தாழ்வு, தெரியுமா?" என்றார் பிரபு குனிந்துகொண்டே. "போர்வீரர்கள் கூட ஆண்டவனுக்கு முன்னால தலை குனியணும்னு கோர்தென் அப்படிக் கட்டினார்."

"உயரமாக் கட்டக் காசில்லாமலும் இருந்திருக்கலாம்" என்றேன்.

"நீ வாயை மூடு. இதோ, கிழக்குச் சுவர் மூலை. இந்தக் கோடுகளைப் பாருங்க. போருக்குப் போறதுக்கு முன்னாடி வீரர்கள் வாள் தீட்டின தடம்!"

சுவரின் வெளிமூலையில், இடுப்பு உயரத்தில் நாலைந்து பள்ளங்கள். கருங்கல் வெண்ணெய் மாதிரித் தேய்ந்திருந்தது. மேடம் ஒரு பள்ளத்தில் சுண்டுவிரலை வைத்தார். விரல் அப்படியே பொருந்திப் படுத்துக்கொண்டது. மேடம் என்னைப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். வழவழவென்று உருண்டையான பள்ளம்.

"வாளுக்கு முனை உருண்டையா இருக்குமா ஐயா?" என்றேன்.

"உனக்கு வாளைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ரொட்டிக் கத்தி தெரியும். அது கோடு போட்டா கூர்மையா இருக்கும்."

பிரபு வாசல் பக்கம் நடந்தார். நான் அவர் பார்வையில் நாற்காலிக்குச் சமம். நாற்காலி பேசினால் யார் பதில் சொல்வார்கள்?

உள்ளே போனோம். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி மரக்கூரை. உத்திரங்களின் முனையைக் கவ்வியபடி மர முதலைகள். பீடத்தின் மேல் தலைமுடி அவிழ்ந்த மகதலேனா, திருநாளுக்காக நீலத் துணி உடுத்தி நின்றாள். மேடம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கோர்தென் பிரபு எங்க புதைஞ்சிருக்கார்?"

"புனித பூமியில."

"அவர் பையன்? பேரன்? கட்டினவங்க குடும்பத்துக்கு பீடத்துக்குப் பக்கத்துச் சுவர்ல கல்லறை மாடம் இருக்கும். இந்த ஜில்லாவுல எல்லாப் பிரபுவும் செத்த பிறகும் முதல் வரிசையிலதான் படுத்திருக்கான். இங்க மாடத்தையே காணோமே?"

"காலத்துல அழிஞ்சிருக்கும்."

"சுவர்ல ஒட்டுப் போட்ட தடம்கூட இல்லை. சரி, பெரிய ஜன்னல் கண்ணாடியில உங்க சின்னம்?"

"புரட்சிக்காரக் கும்பல் உடைச்சிருக்கும்." பிரபுவின் மூக்கு சுருங்கியது. இருநூறு வருடத்துக்கு முந்தைய புரட்சியின் நாற்றம் இன்னும் அவரை விடவில்லை. "இந்த ஜில்லா பூரா ஒவ்வொரு குலச்சின்னத்தையும் சுத்தியலால தட்டி மொட்டையாக்கினாங்களே! எந்தக் கோயில் வாசலைப் பாருங்க, கேடயம் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது."

"ஆமாம். ஆனா உங்க பாம்பை மட்டும் தொடலை. இன்னைக்குக் காலை வரைக்கும் முழுசா இருந்துச்சு."

"தெய்வாதீனம்."

"கண்டிப்பா" என்றார் மேடம். "தெய்வம் உங்க விஷயத்துல ரொம்ப மெனக்கெட்டிருக்கு."

வெளியே வந்ததும் துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார். மைவோன் அக்காவின் பெரிய மாவுத் தட்டில் அள்ளி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பிரபு தடுக்கவில்லை. "குப்பைதானே, எடுத்துக்கோ" என்றார். கெமெனர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அக்காவைக் காவல் காப்பதாக அவர் நினைப்பு. அக்கா அவர் கையில் ஒரு கோப்பை ஆப்பிள் சைடரைக் கொடுத்ததும் சைடரைக் காவல் காத்தார்.

சமையலறை மேஜையில் துண்டுகளைப் பரப்பிப் பொருத்த ஆரம்பித்தேன். கேடயத்தின் விளிம்பு சேர்ந்தது. நடுவில் ஒரு சுருள். அதற்குள் இன்னொரு சுருள். தடித்த உடம்பு, உடம்பு முழுக்கச் சாய்வான வரிகள்.

"செதில்" என்றேன். "பிரபு புத்தகத்துல எழுதியிருக்கார். 'கைதேர்ந்த சிற்பி ஒவ்வொரு செதிலையும்…'"

"ஓரமா வை அதை. எது குறையுது?"

பார்த்தேன். மறுபடி பார்த்தேன். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். "தலையைக் காணோம் மேடம்."

"அப்புறம்?"

"வாலையும் காணோம்."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு வந்துவிட்டது. எதிராளிக்கு அது நல்ல சகுனம் அல்ல.

"பத்ரிக், உனக்குப் பாம்புமேல கோபம். ஏணியில ஏறி உடைக்கிறே. உடைச்சுட்டு என்ன பண்ணுவே?"

"சுத்தியலைப் போட்டுட்டு ஓடுவேன். வீட்டுக்குப் போய் சைடர் குடிப்பேன்."

"கீழே இறங்கி, இத்தனை துண்டுக்கு நடுவுல தலையைத் தேடிப் பொறுக்குவியா?"

"சில பேர் ஞாபகத்துக்கு வச்சுக்குவாங்க. மான் தலையைச் சுவர்ல மாட்டற மாதிரி."

"சரி. வாலை எந்த மடையன் சுவர்ல மாட்டுவான்?"

நான் தட்டை நிமிர்த்தி வைத்தேன்.

"ரெண்டு முனையையும் எடுத்துட்டுப் போனவன் ஒரே காரணத்துக்காகத்தான் எடுத்துட்டுப் போயிருக்கான். ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்திருக்கு. தலையும் வாலும் ஒரே மாதிரி இருக்கிற பாம்பு உலகத்துல உண்டா?" மேடம் சாய்வான வரிகளின் மேல் விரலை ஓட்டினார். "இந்தச் செதிலைப் பாரு. செதில்னா அடுக்கடுக்கா இருக்கும். இது உடம்பைச் சுத்திச் சுத்தி ஓடுது. மூணு புரி. முறுக்கு. வெளிச்சுவர்ல உருண்டையாத் தேய்ஞ்ச பள்ளம். அது வாள் இல்லை. வருஷக்கணக்கா எதையோ இழுத்து இழுத்துத் தேய்ஞ்ச தடம்."

எனக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து உடைந்தது.

மைவோன் அக்கா குனிந்து பொறுக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தார். கெமெனர் சைடரில் மூழ்கியிருந்தார். அக்கா சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்றார்.

"கயிறா?"

"சொல்லாதீங்கன்னேன்!"

மேடம் நாற்காலியைத் தள்ளி அவருக்கு இடம் கொடுத்தார். "உனக்கு முன்னாடியே தெரியும்."

"ஊருக்கே தெரியும். மூணு தலைமுறையா யாரும் வாய் திறக்கலை." அக்காவின் குரல் தாழ்ந்தது. "காக்கே. அப்படித்தான் எங்களைக் கூப்பிட்டாங்க. கயிறு திரிக்கிறவன் தொழுநோய்க்காரன் வம்சம், தொட்டா ஒட்டிக்கும்னு. பக்கத்து ஊர்ப் பெரிய கோயில்ல எங்களுக்குன்னு மூலையில தனித் தீர்த்தத் தொட்டி. கோழி தண்ணி குடிக்கிற அளவு. பூசை முடியிற வரைக்கும் கதவோரம் நிக்கணும். ஆனா நாங்க திரிச்ச கயிறு மட்டும் ஒட்டாது. கப்பல்ல கட்டுவாங்க, மாட்டுக்குக் கட்டுவாங்க, சாமி மணியிலயும் அதைத்தான் கட்டுவாங்க. தூக்குமேடைக்கும் எங்ககிட்டதான் வாங்குவாங்க."

"அதனால உங்க ஆளுங்க தனியா ஒரு கோயில் கட்டிக்கிட்டாங்க."

"ஆமா. வாசலுக்கு மேல அவங்க தொழிலைச் செதுக்கினாங்க. புரட்சிக்காரங்க சுத்தியலோட வந்தப்போ பாத்துட்டு, இது பிரபு சின்னம் இல்லை, கயித்துக்காரன் சின்னம்னு விட்டுட்டுப் போனாங்க. தெய்வாதீனமாம், மண்ணாங்கட்டி!"

நான் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, இதைக் கோர்ட்ல சொன்னா கோயில் உங்களுக்கு. பிரபுவோட வழக்கு இன்னைக்கே குப்பையில."

"சொன்னா நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பேரு திரும்ப வந்து ஒட்டிக்கும். நான் பள்ளிக்கூடத்துல படிச்சப்போகூட என் பால் கிண்ணம் தனி, தெரியுமா உனக்கு? எங்கப்பா சாவியைக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், உன் வாயால அதைச் சொல்லாதேன்னு. பாம்புன்னு எவனோ சொன்னான், பாம்பாவே இருக்கட்டும்னு விட்டோம். அதை வச்சே கோயிலைப் பிடுங்குவான்னு யாருக்குத் தெரியும்? ஜெயிலுக்குப் போறேன். சொல்ல மாட்டேன்."

மேடம் உடைந்த தட்டின் துண்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு உதட்டைச் சுழித்தார்.

"ஊரே சேர்ந்து கயித்தைப் பாம்புன்னு நடிச்சீங்க. ஒரு முட்டாள் அதை நிஜமாவே நம்பிட்டான். நேத்து ஏணியை உன்கிட்ட யார் வாங்கினது?"

"அவர்தான். நிபுணர் வர்றாங்கன்னு பாசியைத் தேய்க்கப் போறேன்னார். வேற யாரும் என் குலச்சின்னத்தைத் தொடக்கூடாதுன்னு தானே ஏறினார். முதல்ல சீட்டியடிச்சுக்கிட்டே தேய்ச்சார். திடீர்னு சீட்டி நின்னுபோச்சு. கிட்டக்கக் குனிஞ்சு பாத்தார். இறங்கும்போது மூஞ்சியில ரத்தமே இல்லை. ஏணியைத் திருப்பித் தரக்கூட மறந்துட்டார்."

"பாசிக்கடியில பிரிபிரியா ரெண்டு முனை. படிச்ச மனுஷன், காக்கேங்களைப் பத்திப் புத்தகத்துல படிச்சிருப்பார்." மேடம் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தார். எதிரே பிரபு ஆலயப் படியில் காவல் தெய்வம் மாதிரி நின்றிருந்தார். "பத்ரிக், உன் பிரெத்தோன் மொழி இன்னும் உயிரோட இருக்கா? கயித்துக்கு என்ன சொல்லுவோம்?"

"கோர்தென்" என்றேன். அப்புறம்தான் என் காதில் அது விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் மொழியில் ஒரு சொல்லோடு இன்னொன்று ஒட்டினால், ஒட்டிய சொல்லின் முதலெழுத்து குரலைத் தாழ்த்திக்கொள்ளும். 'காகம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலெழுத்து உரக்க வரும், இரண்டாவது மெலிந்து வரும். கயிற்றுக்கும் ஊர்ப் பெயருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். 'கெர்' என்றால் ஊர். அதோடு கயிறு ஒட்டினால் கெர்கோர்தென். கயிற்றூர். சிலுவைப் போரும் இல்லை, கோர்தென் என்று ஒருவன் பிறக்கவும் இல்லை. வேலைக்காரர்கள் பேசும் மொழி என்று பிரபு எங்கள் மொழியில் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றிருந்தால் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லவே கூசியிருப்பார்.

"அப்ப அவரும்…" என்று அக்கா இழுத்தார்.

"உன் சொந்தக்காரர்தான். எந்தக் காலத்துலயோ எவனோ பாரிஸுக்குப் போய், பேருக்கு முன்னாடி பிரபுக்கள் மாதிரி ஒரு 'தெ' போட்டுக்கிட்டான். கயித்தூர்க்காரன் பிரபுவாயிட்டான்." மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இனிப்பு இல்லை. "பாவம், அந்தக் கல்லுல அவருக்கு நிஜமாவே பங்கு இருந்துச்சு. அதை ஒத்துக்கறதை விட உடைக்கிறது அவருக்கு லேசாப் போச்சு."

"நீங்க அதைச் சொல்லக்கூடாது" என்றார் அக்கா. "எனக்காக."

"நான் சொல்ல மாட்டேன். பத்ரிக்கும் சொல்ல மாட்டான்."

"அப்புறம் எப்படி?"

"அந்த ஆள் யாரையும் திருத்தாம விட்டதுண்டா?" மேடம் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். "கல்லு மாதிரி ஏதாவது இருந்தா குடு."

அக்கா அலமாரியிலிருந்து முந்தின வாரத்து வெண்ணெய்க் கேக் ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். கல்லுக்கு அண்ணன்.

ரென் நகர நீதிமன்ற நிபுணர் மதாம் வியார் வந்து இறங்கினார். குள்ளமான பெண்மணி, தடித்த மூக்குக்கண்ணாடி. மேடம் கார் கதவருகிலேயே அவர் காதில் ஏதோ சொன்னார். மதாம் வியாரின் ஒரு புருவம் மேலே போய், அங்கேயே தங்கிவிட்டது.

ஆலய வாசலில் ஊரே கூடியிருந்தது. பிரபு தடியால் பள்ளத்தைக் காட்டிப் பிரசங்கம் செய்து முடித்தார். கெமெனர் அக்காவின் பக்கம் கையை நீட்டினார். சாவிக்காக.

"ஒரு நிமிஷம் ஏட்டையா" என்றார் மேடம். "பாம்போட தலை கிடைச்சுடுச்சு."

பிரபுவின் முகம் மலர்ந்தது. "எங்கே? இவ அடுப்படியிலதானே?"

"இல்லை. உங்க கார் பின்பெட்டியில."

"என் கார்லயா?" பிரபு சிரித்தார். "இருக்க முடியாது."

"பின்ன எங்க போட்டீங்க?"

"நான் எங்கேயும் போடலை! என்ன கேள்வி இது?"

தப்பித்துவிட்டார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, தூண்டிலில் சிக்காத மீன் மாதிரி எங்களைப் பார்த்தார். நான் துணி மூட்டையை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தேன்.

"அழகான தலைங்க ஏட்டையா. ரெண்டு கண்ணு, பிளந்த நாக்கு, உச்சியில கிரீடம். ஐயா புத்தகத்துல போட்டிருக்காரே, அச்சு அசல் அதே."

"அச்சு அசல் அதேவா?" என்றார் மதாம் வியார் நிதானமாக. "அப்படியானா சந்தேகமே இல்லை. இது அந்தக் கல்லின் துண்டுதான்."

"மீசைகூட இருக்கு" என்றேன்.

"பாம்புக்கு மீசை ஏதுடா?" என்றார் பிரபு.

"பன்னெண்டாம் நூற்றாண்டுப் பாம்புங்க ஐயா. அப்ப வச்சிருந்திருக்கும்."

"பதினாலு! பதினாலாம் நூற்றாண்டு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரபுவின் காது சிவந்தது. கெமெனர் சாவிக்காக நீட்டிய கையை மெல்லத் திருப்பி, இடுப்பில் தொங்கிய விலங்கைத் தொட்டார்.

"பிரபுவே, நேத்து பாசி தேய்க்க ஏணியில ஏறினது நீங்கதான்னு மைவோன் சொல்றா. தலை உங்க கார்ல இருந்திருக்கு. இந்த அம்மாவைப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படிப் போறது? நீங்கதான் வரணும்."

"இது ஜோடனை! இவங்களே செதுக்கிக் கொண்டுவந்து வச்சிருக்காங்க!"

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மேடம். "இன்னும் துணியைக்கூடப் பிரிக்கலை. உள்ளே இருக்கிறது தலை இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வரைஞ்ச தலைதானே?"

"அது… அப்படி ஒரு துண்டு இருக்கவே முடியாது!"

"ஏன்?"

பிரபு தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மைவோன் அக்கா சாவியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் துணியின் ஒரு முனையைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கேக் என்னைப் பார்த்தது.

"அடடா, என்னா வேலைப்பாடு! பல்லு எண்ணிடலாம் போலிருக்கு. ஐயாவோட மூதாதை சாடை அப்படியே தெரியுது. அந்த மூக்கைப் பாருங்க மதாம்!"

"பிரமாதமான தலை" என்றார் மதாம் வியார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "பாம்புத் தலை என்பதில் எனக்கு ஐயமே இல்லை."

வெள்ளிப் பூண் போட்ட தடி படிக்கல்லில் மோதித் தெறித்தது. கோந்த்ரான் தெ கெர்கோர்தென் எங்கள் எல்லோரையும், எங்கள் பாட்டன் பூட்டனையும் சேர்த்து வெறுக்கிற குரலில் கத்தினார்.

"அறிவுகெட்ட ஜென்மங்களா! அந்த ரெண்டு முனையையும் நான் கையில வச்சுப் பாத்தேன்டா! கயித்துக்கு ஏதுடா தலை!"